நான்கு வருடம் ஜப்பானில் என்ன செய்தீர்கள்?

கேள்வி: என் வயது 28. திருச்சியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் தேர்வாகி, ஷிமானே மாகாணத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான்கு ஆண்டுகள் உதவி மொழி ஆசிரியராக இருந்தேன். ஒரு நடுநிலைப் பள்ளி, மூன்று தொடக்கப் பள்ளிகள். ஐந்தாம் ஆண்டுக்கும் ஒப்பந்தம் தருவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்பதால் மறுத்துவிட்டுத் திரும்பினேன். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பி.எட். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 தேறிவிட்டு வரச் சொன்னார்கள். நான் அதற்கு ஒரு படி கீழே உள்ள என்3தான் தேறியிருக்கிறேன். இன்னொரு நேர்காணலில், "நான்கு வருடம் ஜப்பானில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "ஆங்கிலம் கற்பித்தேன்" என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. வீட்டில் ஜப்பான் என்று வாயெடுத்தாலே தம்பி சிரிக்கிறான். என்னோடு பணியாற்றிய அமெரிக்க, ஐரிஷ் தோழிகளுக்கு அவரவர் நாட்டில் பழைய ஆசிரியர்களின் சங்கம் இருக்கிறது. எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மறுபடியும் ஜப்பானுக்கே போய்விடலாமா? அந்த நான்கு ஆண்டுகள் வீண்தானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

"வீண்தானா" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். நேர்காணல் சரியாகப் போகாத நாளில் இரவு பதினொரு மணிக்கு எல்லோருக்கும் வருகிற கேள்வி அது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: "ஆங்கிலம் கற்பித்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை." ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே கேள்வியைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். இதே பதிலையும் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் அனுபவத்தில் பாதியைக்கூட என் மேசைமேல் வைக்கவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் பள்ளிக்கூடக் கதையை முடித்துவிடுவோம். அந்தப் பள்ளியின்மேல் கோபப்படாதீர்கள். ஜெட் திட்டம் 1987-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் தொடங்கியபோதே, வருபவர்களுக்கு ஒரு பட்டம் போதும், ஆசிரியர் பயிற்சி வேண்டியதில்லை என்றுதான் வகுத்தார்கள். உரிமம் பெற்ற ஜப்பானிய ஆசிரியரின் பக்கத்தில் நிற்கிற உதவியாளர் பதவி அது. இங்கே முறையான ஆசிரியராக வேண்டுமென்றால் இரண்டாண்டு பி.எட்., எட்டாம் வகுப்பு வரைக்கும் தகுதித் தேர்வு என்று வழி தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் வகுப்பறைக்குத் திரும்ப ஆசை என்று ஒரு வரிகூட இல்லையே? ஒரு பள்ளி கதவைச் சாத்தியது என்பதற்காக அந்தக் கதவைத் திறக்க இரண்டு வருடம் செலவழிக்க வேண்டுமா? ஆசை இருந்தால் போய்ச் சேருங்கள். இல்லையென்றால் பி.எட். பற்றி இனி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது அந்த நான்கு வருடங்களுக்கு வருவோம். வகுப்பறையை விடுங்கள், ஆசிரியர் அறையை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியப் பள்ளியில் அது நம் ஊர் ஓய்வறை போன்றது அல்ல. ஒரே கூடத்தில் எல்லோருக்கும் மேசைகள், எதிரெதிரே முகம் பார்த்து. எல்லோரும் கண்ணில் படும்படி முன்னால் துணைத் தலைமையாசிரியர். காலையில் சுருக்கமாக ஒரு கூட்டம். உங்கள் மேசை பெரும்பாலும் ஓரத்தில், பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். ஒரு கால அட்டவணை மாறினால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், யாரைத் தாண்டிப் பேசக் கூடாது, விளையாட்டு விழா ஒத்திகைக்காக உங்கள் வகுப்பைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டால் எப்படி முகம் சுளிக்காமல் இருப்பது, இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்களாகக் கற்றுக்கொண்டீர்கள்.

ஜப்பானிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே 'ஹோரென்சோ' என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு என்ற மூன்று சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்த சுருக்கம். ஜப்பானிய மொழியில் அந்த ஒலிக்குப் பசலைக்கீரை என்றும் பொருள். அதனால் பயிற்சித் தாள்களில் கீரைக்கட்டுப் படம் போட்டிருப்பார்கள். எங்கள் ஆலையில் அந்தப் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டியும், நம் பொறியாளர்களுக்கு அது மண்டையில் ஏற இரண்டு வருடம் ஆனது. வேலை முடிந்த பிறகு சொன்னால் போதாதா என்பார்கள். அங்கே அப்படியில்லை, பாதியில் நிற்கும்போதே சொல்ல வேண்டும். நான்கு பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய் வந்த நீங்கள் இதைச் செய்யாமல் ஒரு வாரம்கூட ஓட்டியிருக்க முடியாது.

எங்களிடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மிக உயர்ந்த என்1 தேறியவர், அகராதி போல மனிதர். ஒரு கூட்டத்தில் தரக்குறைபாடு பற்றி நம் ஆட்கள் ஒரு திட்டத்தை விளக்க, ஜப்பானிய மேலாளர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "கொஞ்சம் கடினம்தான்..." என்று இழுத்தார். இவர் அதை அப்படியே "கொஞ்சம் கடினம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தார். கொஞ்சம்தானே என்று நம் ஆட்கள் உற்சாகமாக வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அவர் சொன்னது "முடியாது" என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் அந்த மூச்சுச் சத்தத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். எந்தத் தேர்வும் இதைக் கேட்பதில்லை. ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேசும் பகுதியே கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, இதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜப்பானில் 2020-இலிருந்து தொடக்கப் பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. அதை நடத்த வேண்டியவர்கள் அந்தந்த வகுப்பாசிரியர்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் பேசுவதென்றால் உள்ளங்கை வியர்க்கும். மூன்று தொடக்கப் பள்ளிகளில் உங்களைவிட வயதிலும் பதவியிலும் மூத்தவர்களை, அவர்கள் மானம் போகாமல், மாணவர்கள் முன்னால் ஆங்கிலம் பேச வைத்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்பது இதுதான். அதுவும் கையில் எந்த அதிகாரமும் இல்லாமல். நேர்காணலில் சொல்ல வேண்டியது இது.

எனவே இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். 'கற்பித்தேன்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், அங்கே செய்த வேலைகளை இரண்டு பக்கம் எழுதுங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர்கள், எதை நீங்கள் புதிதாகத் தொடங்கினீர்கள், எது சொதப்பியது, சொதப்பியதை யாரிடம் எப்படிச் சொன்னீர்கள். சொதப்பலை விட்டுவிடாதீர்கள். ஜப்பானிய மேலாளர்கள் நேர்காணலில் அதைத்தான் ஆவலோடு கேட்பார்கள்.

வேலை எங்கே? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. இந்த வட்டாரத்து ஜப்பானிய ஆலைகளில் மொழிபெயர்ப்பாளர் வேலையை மட்டும் தேடாதீர்கள். பொது நிர்வாகம், பயிற்சி ஒருங்கிணைப்பு, ஜப்பானிலிருந்து வரும் அதிகாரிகளின் குடும்பங்களுக்கான உதவி என்று நடுவில் நிற்கும் வேலைகள் உண்டு. அவற்றுக்கு என்2 இருந்தால் நல்லது. என்3 வைத்துக்கொண்டும் நுழைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என்2 எழுதுங்கள். ஜூலைத் தேர்வுக்கு அவசரப்பட வேண்டாம், டிசம்பர் போதும். 'காஞ்சி' என்கிற சீன வழி எழுத்துகளும் நீண்ட பத்திகளை வேகமாக வாசிப்பதும்தான் உங்களுக்குப் பாக்கி இருக்கும்.

உங்கள் பேச்சு மொழியிலும் ஒரு பிரச்சினை இருக்கலாம். பள்ளியில் இருந்து வருபவர்களின் ஜப்பானிய மொழியில் பிள்ளைகளின் வாடை அடிக்கும். ஆறாம் வகுப்புப் பையனோடு பேசிய மொழியில் ஆலைத் தலைவரோடு பேசினால், அவர் சிரித்துக்கொள்வார். வேலை கொடுக்க மாட்டார். மரியாதை மொழியைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். நன்றிக்கு 'தந்தன்' என்கிற உங்கள் மாகாணத்து இசுமோ வட்டார வழக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு சொல் அரை மணி நேர நேர்காணலுக்குச் சமம்.

இன்னொரு துறை, எனக்கு இதில்தான் உங்களைப் பார்க்க விருப்பம். ஜப்பான் 2019-இல் 'குறிப்பிட்ட திறன்' விசாவைக் கொண்டுவந்தது. 2021-இல் இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் போட்டது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் அறிவித்த திட்டப்படி, ஐந்து ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து 50,000 பேர் வேலைக்கும் பயிற்சிக்கும் அங்கே போக வேண்டும். அந்த விசாவில் போவது முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டுமானம், வேளாண்மை போன்ற வேலைகளுக்கு. அப்படிப் போகிறவர்களுக்கு என்4 அளவு மொழி வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான பயிற்சி வகுப்புகள் ஊருக்கு ஊர் முளைக்கின்றன. அங்கே வினைச்சொல் விகுதிகளை நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். காலை ஏழரை மணிக்குக் காய்ச்சலோடு எழுந்தால் மேலாளரிடம் தொலைபேசியில் எந்த வாக்கியத்தில் தொடங்குவது, எரியும் குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் வைப்பது, தப்பாக வைத்த பை திரும்பவும் வாசலுக்கே வந்து நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் எப்படிப் பேசுவது, நிலநடுக்க எச்சரிக்கை கைப்பேசியில் அலறினால் முதல் பத்து நொடியில் என்ன செய்வது, இவற்றை அங்கே தனியாக வாழ்ந்தவர்தான் சொல்லித் தர முடியும். முறையாகக் கற்பிக்க விரும்பினால், ஜப்பான் அறக்கட்டளை 2018-இல் டெல்லியில் ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கியிருக்கிறது. அதன் வகுப்புகளைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் தரகர்களும் இருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு காலம் கடத்துபவர்கள். அவர்களுக்கு உங்கள் பாடம் தேவையில்லை, சுவரொட்டியில் உங்கள் படம் தேவை: 'ஜப்பானில் நான்காண்டு பணியாற்றிய ஆசிரியை'. சேருமுன், மாணவரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள், எதற்கு ரசீது கொடுக்கிறார்கள், இதுவரை அனுப்பியவர்களில் இரண்டு பேரோடு நீங்கள் பேச முடியுமா என்று கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

திரும்பிப் போகலாமா? நீங்கள் இருந்த மாகாணத்தின் மாட்சுவே நகரில் 1890-இல் ஓர் ஆங்கில ஆசிரியர் வந்து சேர்ந்தாரே, லாஃப்காடியோ ஹெர்ன். அவர் பெயரைக் கேட்காமல் நீங்கள் அங்கே ஒரு மாதம்கூட இருந்திருக்க முடியாது. அவர் திரும்பவே இல்லை; ஜப்பானியக் குடியுரிமை வாங்கி, 1904-இல் தோக்கியோவில் இறந்தார். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. அவர் மாட்சுவேயில் இருந்தது ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான். பிறகு குமமோட்டோவில் ஆசிரியர், கோபேயில் பத்திரிகைக்காரர், தோக்கியோவில் பல்கலைக்கழக விரிவுரையாளர். அங்கேயே தங்கிய மனிதரும் வேலையில் ஒரே இடத்தில் தங்கவில்லை. நீங்கள் திரும்பிப் போய், ஆள் அனுப்பும் தனியார் நிறுவனம் ஒன்றின் மூலம் மறுபடி உதவி ஆசிரியராகச் சேர்ந்தால், சம்பளம் முன்பைவிடக் குறையும். பல இடங்களில் விடுமுறை மாதங்களில் இன்னும் குறையும். 35 வயதில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள். போவதானால் படிக்கப் போங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் உதவித்தொகைக்கு 35 வயதுக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். அல்லது இங்கே ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, அதன் வழியாகப் போங்கள்.

இதை நீங்கள் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டியதற்குப் பணக் காரணம் ஒன்று இருக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாததால் எனக்குக் கவலை. நான்கு வருடமும் உங்கள் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்காக 9.15 சதவீதம் பிடித்திருப்பார்கள். நாட்டை விட்டு வந்த வெளிநாட்டவர் அதில் ஒரு பகுதியை ஒரே தொகையாகத் திரும்பப் பெறலாம். 'தத்தாய் இச்சிஜிகின்' என்பார்கள். 48 மாதங்களுக்கு, உங்கள் சராசரி மாதச் சம்பளத்தைப் போல 4.4 மடங்கு. மாதம் 3 லட்சம் யென் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 13 லட்சம் யென். அதில் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். அங்கே ஒருவரை உங்கள் வரிப் பிரதிநிதியாக நியமித்தால் அந்த வரியையும் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய சக ஆசிரியர்கள் பொதுவாக மறுக்க மாட்டார்கள். ஜப்பானில் முகவரி நீங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இன்னும் சுமார் பதினாறு மாதங்கள் இருக்கின்றன.

ஆனால் பணத்தை வாங்கிவிட்டால் அந்த நான்கு வருடங்களும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஜப்பானில் முதுமை ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு காலம் வேண்டும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் 1 முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால், இங்கே வேலையில் சேர்ந்து பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் காலத்தையும் அந்தப் பத்தோடு சேர்த்து எண்ணலாம். அறுபத்தைந்து வயதில் அங்கிருந்து ஒரு சிறு தொகை மாதாமாதம் வருவது பெரிதா, இப்போது கைக்கு வரும் தொகை பெரிதா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. அப்பாவின் மருத்துவச் செலவில் கடன் நிற்கிறது என்றால், என் வாக்கு இப்போதே வாங்குவதற்கு.

கடைசியில் ஆட்களைப் பற்றி. ஜெட் பழைய ஆசிரியர்களின் சங்கம் 1989-இல் உருவானது. உங்கள் தோழிகளின் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் நிறையப் பேர் போனார்கள், அதனால் ஊருக்கு ஊர் கிளைகள். இந்தியாவிலிருந்து போனவர்கள் சொற்பம். திருச்சியில் காபி குடிக்க ஒரு கூட்டம் சேராது. அந்தச் சங்கங்களை வெறும் பழைய கதை பேசும் இடம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2011-இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமியில், இஷினோமாகி நகரில் ஜெட் திட்டத்தில் பணியாற்றிய டெய்லர் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆசிரியை இறந்தார். அவருடைய பெற்றோர் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அவர் பெயரில் புத்தக அலமாரிகள் கொடுத்தார்கள். அவற்றைச் செய்தவர் அதே சுனாமியில் தன் மூன்று குழந்தைகளையும் இழந்த ஒரு தச்சர்; அந்தக் குழந்தைகள் ஆண்டர்சனிடம் படித்தவர்கள். உலகெங்கும் இருந்த பழைய ஆசிரியர்கள் அந்த நாட்களில் நிதி திரட்டினார்கள். இணையவழிக் கூட்டங்களுக்கு உங்கள் தோழிகள் அழைத்தால் போங்கள்.

ஆனால் பக்கத்திலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. நீங்கள் அதை மொழி வகுப்பு நடத்தும் இடமாக மட்டும் நினைத்திருப்பீர்கள். சென்னையில் நீங்கள் மொழித் தேர்வு எழுதப்போகும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பின் பெயரில் இருக்கும் 'தோசோகாய்' என்ற சொல்லுக்கே பழைய மாணவர் சங்கம் என்றுதான் பொருள். ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போய்த் திரும்பிய தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டியது அது. அவர்கள் பொறியாளர்கள், நீங்கள் ஆசிரியை. இருக்கட்டுமே. பனிக்காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனையோடு எழுந்த காலையைப் பற்றி அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. தம்பியை விட்டுவிடுங்கள், பாவம். அவனுக்கு ஜப்பான் தெரியாது. அக்கா நான்கு வருடம் வீட்டில் இல்லை என்பதுதான் தெரியும்.

பிறகு, உங்கள் பழைய நடுநிலைப் பள்ளியையும் திருச்சியில் நீங்கள் படித்த பள்ளியையும் காணொளியில் இணைத்துப் பாருங்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணினிப் பலகை அரசே கொடுத்திருக்கிறது. அங்கே மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி வகுப்பு தொடங்கும்போது இங்கே காலை பத்து. இரண்டு பக்கத்துக்கும் வசதி. இதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள். ஆனால் அடுத்த நேர்காணலில் "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கும்.

இதற்கு முன்னால் ஒரு காரியம். நகரக் கல்வி வாரியத்துக்கு எழுதி, பணிக்காலம், பொறுப்புகள் எல்லாம் குறித்த சான்றிதழ் கேளுங்கள். தனியே துணைத் தலைமையாசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஏப்ரல் முதல் தேதி அங்கே ஆசிரியர்கள் பள்ளி விட்டுப் பள்ளி மாறும் நாள். அவர் இந்நேரம் வேறு ஊரில் இருக்கலாம், ஆகவே எந்தப் பள்ளி என்று முதலில் விசாரியுங்கள். கடிதத்தைப் பருவநிலை பற்றிய வரியோடு தொடங்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருக்கும். திருச்சி வெயிலைப் பற்றி நீங்கள் எழுதலாம்.